ட்யூமர் மார்க்கர் எகிறியிருந்தால் என்ன அர்த்தம்? இரைப்பைப் புற்றுநோயும் ஒரு ரத்தப் பரிசோதனையும்

இரைப்பைப் புற்றுநோய் என்று எண்டோஸ்கோபியிலும் பயாப்ஸியிலும் உறுதியான பிறகு டாக்டர் எழுதித் தரும் சீட்டில், சி.டி. ஸ்கேனுக்குக் கீழே, சி.இ.ஏ., சி.ஏ. 19-9 என்று இரண்டு ரத்தப் பரிசோதனைகள் இருக்கும். புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் கூடக்கூடிய இந்த மாதிரிப் பொருட்களைத்தான் ட்யூமர் மார்க்கர் என்கிறார்கள். சில டாக்டர்கள் சி.ஏ. 72-4 என்பதையும் சேர்ப்பார்கள். ஸ்கேன் ரிப்போர்ட் பக்கம் பக்கமாக இருக்கும், பயாப்ஸி ரிப்போர்ட்டில் பாதி வார்த்தை வாயில் நுழையாது. இந்த ரத்த ரிப்போர்ட் மட்டும் ஒற்றை எண். 'சி.இ.ஏ. 18.4, இயல்பு அளவு 5-க்குள்' என்று போட்டு, எண்ணைத் தடித்த எழுத்தில் அச்சடித்து, பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறியும் வைத்திருப்பார்கள். வீட்டில் எல்லோருக்கும் புரிகிற ஒரே விஷயம் அதுதான் என்பதால் மொத்தக் குடும்பமும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க ஆரம்பித்துவிடும். 5 இருக்க வேண்டியது 18 என்றால் மூன்று மடங்கு மோசமா? இயல்பாக இருந்தால் தப்பித்தோமா? அடுத்த முறை 12 ஆகிவிட்டால் நோய் குறைந்துவிட்டதா?

மூன்று கேள்விக்கும் நேரடியாக ஆமாம் என்று சொல்ல முடியாது. அதற்காக அந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிடவும் முடியாது. அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொண்டால் தேவையில்லாத பயமும் குறையும், தேவையில்லாத நிம்மதியும் குறையும். இரண்டாவதுதான் அதிக ஆபத்து என்பது என் எண்ணம்.

முதலில் இந்த மார்க்கர்கள் என்ன பொருள் என்று பார்ப்போம். சி.இ.ஏ. (கார்சினோ எம்ப்ரியானிக் ஆன்டிஜென்) ஒரு புரதம், மேலே சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். 1965-ல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் பெருங்குடல் புற்றுநோய்த் திசுவில் இதைக் கண்டுபிடித்தார்கள். கருவில் இருக்கும் குழந்தையின் குடலிலும் இதே பொருள் இருந்தது, அதனால்தான் 'கரு' என்பது ('எம்ப்ரியானிக்') அதன் பெயரிலேயே இருக்கிறது. நல்ல ஆரோக்கியமான பெரியவர்களின் குடலிலும் இது கொஞ்சம் உற்பத்தியாகத்தான் செய்கிறது. ஆனால் ஆரோக்கியமான குடல் செல்லுக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்று ஒரு ஒழுங்கு உண்டு. அது சி.இ.ஏ.வைக் குடலின் உட்குழாய்ப் பக்கமாக மட்டுமே வெளியே தள்ளும், மலத்தோடு போய்விடும். புற்றுசெல்லுக்கு அந்த ஒழுங்கு போய்விடுவதால் எல்லாப் பக்கமும் கசிகிறது, ரத்தத்திலும் நிணநீரிலும் கலக்கிறது. ரத்தத்துக்கு வந்ததைக் கல்லீரல் வடிகட்டி அழிக்கும். இந்தக் கல்லீரல் விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சி.ஏ. 19-9 வேறு ரகம். 1979-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் விஸ்டார் ஆய்வு நிலையத்தில் ஹிலரி கோப்ரோவ்ஸ்கியின் குழு கண்டுபிடித்த சர்க்கரை அமைப்பு இது. லூயிஸ் என்ற ரத்த வகையோடு தொடர்புடையது. நமக்கு ஏ, பி, ஓ ரத்த வகைதான் தெரியும், அதே மாதிரி லூயிஸ் வகை என்றும் ஒன்று உண்டு. லூயிஸ் இல்லாதவர்களின் உடலால் சி.ஏ. 19-9-ஐச் செய்யவே முடியாது. வெள்ளையர்களில் 100-ல் 5 முதல் 10 பேர் வரை இப்படி இருக்கிறார்கள். அவர்களுக்கு எவ்வளவு பெரிய கட்டி இருந்தாலும் இந்த எண் கிட்டத்தட்ட பூஜ்யத்திலேயே கிடக்கும். இன்னொரு சுவாரஸ்யமும் உண்டு: ரத்தக் குழாயின் உள்சுவரில் இருக்கும் ஒரு பிடிமானப் புரதத்தில் இந்தச் சர்க்கரை போய் ஒட்டிக்கொள்ளும். அதாவது ரத்தத்தில் மிதந்து போகிற புற்றுசெல் வேறு ஓர் உறுப்பில் இறங்கிக் குடியேற இதுவே ஒரு கொக்கியாகப் பயன்படுகிறது. நோயைக் காட்டிக்கொடுக்கிற பொருளுக்கு நோயைப் பரப்புவதிலும் ஒரு பங்கு இருக்கிறது.

பரிசோதனை என்று பார்த்தால் பெரிய வித்தை கிடையாது. ஒரு சின்ன டியூபில் ரத்தம் எடுத்து, அரைமணி நேரம் உறைய விட்டு, சுற்றி, மேலே தெளியும் வெளிர்மஞ்சள் சீரத்தை மெஷினில் வைப்பார்கள். மார்க்கரை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும் இரண்டு ஆன்டிபாடிகளில் ஒன்று ஒளி விடும். எவ்வளவு ஒளியோ அவ்வளவு மார்க்கர். சாப்பிடாமல் வர வேண்டியதில்லை.

சரி, இந்த எண் அதிகமாக இருந்தால் நோயின் போக்கு மோசம் என்று ஏன் சொல்கிறார்கள்?

பெரும்பகுதி காரணம் எளிமையானது. கட்டி பெரிதாக இருந்தால், இரைப்பைச் சுவரை ஆழமாகத் துளைத்திருந்தால், நிணநீர்க் கணுக்களுக்கோ கல்லீரலுக்கோ போயிருந்தால், ரத்தத்தில் கலக்கிற மார்க்கர் அதிகமாகும். ஆக, உயர்ந்த எண் என்பது பல நேரம் நோய் முற்றியிருப்பதன் நிழல். நோய் முற்றியிருந்தால் பலன் குறைவு என்பது மார்க்கர் பார்க்காமலே தெரிந்த விஷயம். ஆனால் ஆராய்ச்சியாளர்கள் இதோடு நிற்காமல், ஒரே ஸ்டேஜில் இருப்பவர்களை மட்டும் எடுத்து, மார்க்கர் உயர்ந்தவர்களையும் உயராதவர்களையும் தனித்தனியாக வருஷக்கணக்கில் கவனித்தார்கள். அப்போதும் பல ஆய்வுகளில் உயர்ந்தவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள். சி.டி. ஸ்கேன் கண்ணில் படாத நுண்ணிய பரவல் அவர்களிடம் அதிகமாக இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். மேலே சொன்ன கொக்கி வேலை இன்னொரு விளக்கம்.

இந்த இடத்தில்தான் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும், இங்கேதான் இணையத்தில் படிப்பவர்கள் சறுக்குகிறார்கள். 'மார்க்கர் உயர்ந்தவர்களுக்கு வாழ்நாள் குறைவு' என்ற ஒரு வரியைப் படித்ததும் அதைத் தன் அப்பாவுக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்வார்கள். நாமே ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம் (நிஜ ஆய்வு எண் இல்லை, விளங்குவதற்காக). ஒரே ஸ்டேஜில் மார்க்கர் இயல்பாக இருக்கும் 100 பேரில் ஐந்து வருஷம் கழித்து 60 பேர் இருக்கிறார்கள், மார்க்கர் உயர்ந்த 100 பேரில் 45 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும், ஆய்வுக் கட்டுரையும் அதைத்தான் எழுதும். ஆனால் 'நல்ல' கூட்டத்திலும் 40 பேர் இல்லை, 'கெட்ட' கூட்டத்திலும் 45 பேர் இருக்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு மனிதர் இதில் எந்தப் பக்கம் என்று மார்க்கர் சொல்லாது. கூட்டத்துக்குப் பொருந்துகிற உண்மை தனி ஆளுக்கு ஒரு சாய்வை மட்டும்தான் காட்டும்.

இயல்பாக இருக்கிறதே என்று நிம்மதி அடைபவர்களுக்கும் ஒரு தகவல். ஜப்பானிய இரைப்பைப் புற்றுநோய்ச் சங்கத்தின் குழு ஒன்று அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்து 2014-ல் வெளியிட்ட கணக்கின்படி, இரைப்பைப் புற்றுநோய் இருப்பவர்களில் சி.இ.ஏ. உயர்ந்தவர்கள் சுமார் 21 சதவீதம், சி.ஏ. 19-9 சுமார் 28 சதவீதம், சி.ஏ. 72-4 சுமார் 30 சதவீதம். திருப்பிப் படியுங்கள்: புற்றுநோய் உறுதியான பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு எந்த ஒரு மார்க்கரைத் தனியாக எடுத்தாலும் இயல்பாகத்தான் இருக்கிறது. ஆரம்ப ஸ்டேஜில் இன்னும் மோசம், பெரும்பாலானோருக்கு ஏறுவதே இல்லை.

அப்படியானால் எதை வைத்துக் கணிப்பது? ஸ்டேஜ்தான். கட்டி எவ்வளவு ஆழம், எத்தனை நிணநீர்க் கணுக்களில் நோய் இருக்கிறது, தூரத்து உறுப்புக்குப் போயிருக்கிறதா என்ற மூன்றும் சேர்ந்தது அது. அமெரிக்கப் புள்ளிவிவரப்படி நோய் இரைப்பைக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால் ஐந்து வருஷம் தாண்டுபவர்கள் ஏறக்குறைய 75 சதவீதம், பக்கத்துக் கணுக்களுக்கோ உறுப்புக்கோ போயிருந்தால் 35 சதவீதம், தூரத்துக்குப் பரவியிருந்தால் 7 சதவீதம் சொச்சம். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை எந்த ரத்த மார்க்கரும் தனியாகக் காட்டுவதில்லை. ஸ்கோர் 60 என்று மட்டும் சொன்னால் மேட்ச் யார் பக்கம் என்று சொல்ல முடியுமா, எத்தனை ஓவர், எத்தனை விக்கெட் என்று கேட்க மாட்டோமா? அதேபோல்தான் சி.இ.ஏ. 18.4 என்பதும். ஸ்டேஜ் தெரியாமல் அந்த எண்ணைப் பற்றிப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு வரும் திசு ரிப்போர்ட்டில் குறைந்தது 16 கணுக்களாவது எடுத்துப் பார்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதற்குக் குறைவாகப் பார்த்துவிட்டு 'கணுக்களில் நோய் இல்லை' என்று எழுதினால் அதை முழுதாக நம்ப முடியாது. மார்க்கரைப் பற்றிக் கேட்கிற நேரத்தில் இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் அதிகம் பலன் கிடைக்கும்.

ஒவ்வொரு மார்க்கருக்கும் ஒரு குணம் உண்டு. சி.இ.ஏ. நன்றாக எகிறினால் டாக்டர் முதலில் கல்லீரலைத்தான் சந்தேகிப்பார். சி.ஏ. 125 என்பது சினைப்பை நோய்க்குப் பார்ப்பது என்றுதான் பலருக்குத் தெரியும். இரைப்பைப் புற்றுநோயில் அது உயர்ந்தால் வயிற்றின் உள்ளுறையான பெரிட்டோனியத்தில் நோய் தூவப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் வரும். இந்த வகைப் பரவல் சி.டி.யில் அடிக்கடி தப்பிவிடும், அதனால் பெரிய ஆபரேஷனுக்கு முன் லேப்ராஸ்கோபி வைத்து உள்ளே பார்த்து, வயிற்றை உப்புநீரால் கழுவி, அந்த நீரில் புற்றுசெல் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். அப்புறம் ஏ.எஃப்.பி. இது கல்லீரல் புற்றுநோயின் மார்க்கர். அபூர்வமாகச் சில இரைப்பைக் கட்டிகள் கல்லீரல் செல் மாதிரி நடந்துகொண்டு இதைச் சுரக்கும். அந்த வகை சீக்கிரமே கல்லீரலுக்குப் பரவக்கூடியது, கொஞ்சம் பொல்லாதது.

இதற்கு நேர் எதிராக, நோய்க்குச் சம்பந்தமே இல்லாமலும் எண் ஏறும். புகை பிடிப்பவர்களுக்கு சி.இ.ஏ. இயல்பாகவே கொஞ்சம் கூடுதல். கல்லீரல் கெட்டிருந்தால் வடிகட்டுகிற வேலை மந்தமாகி ரத்தத்தில் தேங்கும். ஆனால் இப்படிப்பட்ட சாதாரணக் காரணங்களால் ஏறும் சி.இ.ஏ. பெரும்பாலும் 10-ஐத் தாண்டுவதில்லை. சி.ஏ. 19-9 அப்படியில்லை. பித்தக் குழாயில் ஒரு கல் அடைத்து மஞ்சள் காமாலை வந்தாலே 37-க்குள் இருக்க வேண்டியது நூறுகளில், சமயத்தில் ஆயிரத்துக்கு மேலும் போகும், அடைப்பை எடுத்ததும் இறங்கிவிடும். காமாலை இருக்கும்போது எடுத்த சி.ஏ. 19-9-ஐ வைத்து யாரும் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. சி.ஏ. 125 மாதவிடாய் நாட்களில் ஏறும், வயிற்றுக் காசநோயில் நீர் கோத்தால் ஏறும். நம் ஊரில் காசநோய்க்குப் பஞ்சமில்லை என்பதால் இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. யூரிக் ஆசிட் வாதத்துக்குக் கோல்சிசின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு சி.ஏ. 72-4 உயர்வதும் பதிவாகியிருக்கிறது. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை போடுவது இப்போது சர்வசாதாரணம். அது சில மெஷின்களின் வேதிவினையில் குறுக்கிட்டு இந்த வகைப் பரிசோதனைகளில் எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். ரத்தம் எடுக்க வருபவர்கள் இதைச் சொல்வதே இல்லை, எடுப்பவர்களும் பெரும்பாலும் கேட்பதில்லை.

மார்க்கர் உண்மையிலேயே உதவுவது ஒரு தடவை பார்ப்பதில் இல்லை, அடுத்தடுத்துப் பார்ப்பதில். சிகிச்சை தொடங்குவதற்கு முன் ஒரு எண் கட்டாயம் கையில் இருக்க வேண்டும், ஆரம்பப் புள்ளி தெரியாவிட்டால் பின்னால் ஏறியதா இறங்கியதா என்றே சொல்ல முடியாது. சி.இ.ஏ.வின் பாதி ரத்தத்திலிருந்து மறைய ஏறக்குறைய 3 முதல் 7 நாள் ஆகும். கட்டியை முழுசாக எடுத்திருந்தால், ஒரு வாரத்துக்குப் பாதி என்ற நிதானக் கணக்கில் போட்டாலும் 18.4 என்பது முதல் வாரம் 9.2, இரண்டாவது வாரம் 4.6 என்று இயல்புக்குள் வந்துவிட வேண்டும். ஆபரேஷன் சூடு தணியட்டும் என்று நாலு வாரமாவது விட்டுப் பார்ப்பார்கள். அப்போதும் எண் இறங்காமல் அடம்பிடித்தால் எங்கேயோ மிச்சம் இருக்கிறது என்ற சந்தேகம் பலமாகும். இறங்கிவிட்டு மாதங்கள் கழித்துப் படிப்படியாக, ஒவ்வொரு தடவையும் முன்னதைவிட அதிகமாக ஏறினால் நோய் திரும்புகிறது என்று கொள்ளலாம். முன்பு சொன்ன ஜப்பானியத் தொகுப்பின்படி ஸ்கேனில் தெரிவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பெரும்பாலும் மார்க்கர் ஏறத் தொடங்கியிருந்தது. ஆனால் இப்படி முன்கூட்டித் தெரிந்துகொள்வதால் ஆயுள் கூடுகிறது என்பது இரைப்பைப் புற்றுநோயில் தெளிவாக நிரூபிக்கப்படவில்லை. அதனால்தான் ஜப்பானில் சரளமாகப் பார்க்கிறார்கள், மேற்கு நாடுகளில் அவ்வளவு வலியுறுத்துவதில்லை. ஆரம்பத்திலேயே மார்க்கர் இயல்பாக இருந்தவர்களுக்கு இந்த வழியில் கிடைக்கும் உதவியும் குறைவுதான், அவர்கள் ஸ்கேனையும் எண்டோஸ்கோபியையும் விட்டுவிடக் கூடாது.

கீமோ தொடங்கிய முதல் சில வாரங்களில் மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே எண் ஏறுவதும் உண்டு. செல்கள் உடைந்து உள்ளே இருந்தது மொத்தமாகக் கொட்டுவதால் வருகிற ஏற்றம் அது. முதல் சைக்கிள் முடிந்ததும் அவசரப்பட்டு டெஸ்ட் எடுத்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்று அழுகிற குடும்பங்கள் உண்டு. இன்னொன்று, எப்போதும் ஒரே லேபில் எடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி ஆன்டிபாடி வேறு என்பதால் அதே ரத்தத்துக்கு, குறிப்பாக சி.ஏ. 19-9-க்கு, இரண்டு மெஷின் இரண்டு எண் கொடுக்கும். பாதியில் லேப் மாற வேண்டி வந்தால் ரிப்போர்ட் ஓரத்தில் எழுதி வைத்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இந்த மார்க்கர்களைச் சாதாரண மாஸ்டர் செக்கப் பேக்கேஜில் சேர்த்து விற்பதுதான் எனக்கு எரிச்சல். எந்தத் தொந்தரவும் இல்லாத 10,000 பேருக்கு சி.இ.ஏ. பார்ப்பதாக வையுங்கள், அதில் 5 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் இருப்பதாகவும் வையுங்கள். ஐந்தில் ஒன்றைத்தான் இது காட்டும் என்பதால் ஒருவர் பிடிபடுவார், நாலு பேர் 'எல்லாம் நார்மல்' என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். இயல்பு எல்லை என்பதே ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்குகிற மாதிரி வைப்பதுதான் வழக்கம் என்பதால், நோயே இல்லாத கிட்டத்தட்ட 500 பேருக்கு அம்புக்குறி விழும், அவர்கள் ஸ்கேன், எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி என்று அலைவார்கள். தென்கொரியாவில் 40 வயது தாண்டியவர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அரசே எண்டோஸ்கோபிக்கு ஏற்பாடு செய்கிறது, ரத்த மார்க்கரை நம்பி அல்ல. இந்தியாவில் மிசோரத்தில் இந்த நோய் மிக அதிகம், சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டிலும் ஆண்களிடம் இது பல வருஷமாக முன்வரிசையில் இருந்துவந்தது. ஆகவே நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துபோவது, காரணமில்லாமல் எடை குறைவது, மலம் கறுப்பாகப் போவது என்று ஏதாவது இருந்தால் 'கேன்சர் பிளட் டெஸ்ட்' என்று லேபுக்குப் போகாமல் எண்டோஸ்கோபி செய்கிற டாக்டரிடம் போங்கள்.

கடைசியாக ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், இரண்டு வகை மார்க்கர்களைப் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இதுவரை பேசியவை நோய் எப்படிப் போகும் என்று ஓரளவு சொல்பவை. எந்த மருந்து கேட்கும் என்று சொல்பவை வேறு, அவை கட்டியின் திசுவில் பார்ப்பவை: ஹெர்-2, எம்.எஸ்.ஐ., பி.டி.-எல்1, கிளாடின் 18.2 (கட்டி செல்லில் இருக்கும் சில புரதங்கள், மரபணுக் கோளாறு ஆகியவற்றின் பெயர்கள்). டோகா என்ற பெரிய ஆய்வில், 2010-ல் வெளியானது, ஹெர்-2 இருக்கும் முற்றிய இரைப்பைப் புற்றுநோயாளிகளுக்குக் கீமோவோடு டிராஸ்டுசுமாப் என்ற, ஹெர்-2-வைக் குறிவைக்கும் மருந்தைச் சேர்த்தபோது சராசரி வாழ்நாள் 11.1 மாதத்திலிருந்து 13.8 மாதம் ஆனது. பெரிய தாவல் இல்லைதான், ஆனால் யாருக்கு அந்த மருந்தைக் கொடுக்கலாம் என்று திசுப் பரிசோதனை காட்டிக்கொடுத்தது. சி.இ.ஏ. 18 ஆக இருந்தாலும் 180 ஆக இருந்தாலும் அந்த மாதிரி மருந்துத் தேர்வு எதுவும் மாறாது. நோய் பரவியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள் என்றால், இந்தத் திசுப் பரிசோதனைகளுக்கு பயாப்ஸி பிளாக் (மெழுகில் பதித்து வைத்திருக்கும் திசு) அனுப்பியாயிற்றா, எப்போது ரிப்போர்ட் வரும் என்று கேளுங்கள், கீமோ தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ. துணுக்குகளைத் தேடும் பரிசோதனை இப்போது பேச்சில் அடிபடுகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு அந்தத் துணுக்கு ரத்தத்தில் தென்பட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன, பழைய மார்க்கர்களைவிட இது கூர்மையானதாகத் தெரிகிறது. ஆனால் தென்பட்டால் சிகிச்சையை எப்படி மாற்றுவது என்பது இரைப்பைப் புற்றுநோயில் இன்னும் முடிவாகவில்லை, செலவும் கை கடிக்கும். யாராவது அதை எழுதிக் கொடுத்தால், ரிசல்ட் பாசிட்டிவ் என்று வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள் என்று ரத்தம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.